ஆமா சார், நான்தான்

"ஆய்வுக்கு வர்றவர் என்ன கேட்டாலும் 'ஆமா சார், நான்தான் பண்ணேன்'னு சொல்லிடுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்மா," என்றார் மேலாளர், குரலைத் தாழ்த்தி.

அவள் தலையாட்டினாள். தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பார்சல் கம்பெனியின் புகார்ப் பிரிவு அது. தொலைந்த பார்சல், உடைந்த பார்சல் என்று வருகிற புகார்களைப் படித்து, இழப்பீடு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது அவள் வேலை. வேலையாக இருந்தது என்று சொல்ல வேண்டும். இனிமேல் ஆளில்லாமல் தானே புகாரைப் படித்து முடிவெடுக்கிற ஏஐ ஏஜென்ட் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி, சில மாதங்களுக்கு முன்பு அந்தப் பிரிவையே மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஆட்களை அனுப்பினார்களே தவிர, அவர்களுடைய லாகின்களை மூடவில்லை. சூட்சுமமே அங்கேதான். புகார்களைக் கையாளும் மென்பொருளை வேறொரு கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எத்தனை பேர் வேலை செய்கிறார்களோ அத்தனை லைசென்ஸ். ஏஜென்ட் உள்ளே நுழைந்தால் அதற்குத் தனி லைசென்ஸ் வாங்க வேண்டும். மேலாளர் வாங்கவில்லை. போனவர்கள் பெயரிலேயே ஏஜென்ட்டுகளை உள்ளே விட்டுவிட்டார். அவள் வீட்டில் பாத்திரம் கழுவிய நேரமெல்லாம் அவள் பெயர் இங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது மென்பொருள் கம்பெனிக்குச் சந்தேகம் வந்து ஆய்வாளர் ஒருவரை அனுப்புகிறது. மேலாளரே போன் செய்து, பழைய ஆட்களை ஒரே ஒரு நாள் வந்து உட்காரச் சொல்லிக் கெஞ்சினார். மாட்டிக்கொண்டால் கம்பெனி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானாம். நல்லபடியாக முடிந்தால் அடுத்த மாதம் சிலரைத் திரும்ப எடுப்பார்களாம். முதல் பெயர் அவளுடையதாம்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் வந்தாள். லேத் பட்டறையில் முதுகில் அடிபட்டு வீட்டுக்காரர் படுத்துவிட்டார். அவள் சம்பளம் ஒன்றுதான் குடும்பத்துக்குக் கதி. இந்த வேலை திரும்பக் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயந்தாள்.

ஆய்வாளர் வந்தார். பார்த்தால் பயப்படும்படியான ஆள் இல்லை, பாவம். ஜலதோஷம் பிடித்து மூக்கைச் சிந்திக்கொண்டே நடந்தார். ஆனால் ஒவ்வொரு நாற்காலியின் பக்கத்திலும் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டார். முன்வரிசையில் இருந்த 'வாயாடி' அண்ணன், ஊரையே பேசிப் பேசி விற்றுவிடுகிற ஆள், இரண்டு கேள்விக்குள் திக்கித் திணறித் தண்ணீர் கேட்டார். அதைப் பார்த்ததும் அவள், சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. ஆய்வாளர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நிறுத்தாம புகார் முடிச்சிருக்கீங்க. சாப்பிடக்கூட எழுந்திருக்கல. நீங்களா பண்ணீங்க?"

அந்த ஞாயிறு அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நடந்த நாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் பெஞ்சை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஆமா சார், நான்தான்."

"லீவு நாள்ல எதுக்கும்மா?"

மேலாளர் சொல்லிக்கொடுத்ததில் இது இல்லை. "வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல சார். அதான் ஓவர்டைம் பார்த்தேன்," என்றாள். பொய்யோடு உண்மையும் கலந்து வந்ததில் குரல் உடைந்துவிட்டது.

அப்போது பார்த்து அந்தச் சனியன் வேலையைக் காட்டியது. ஆய்வு முடியும்வரை நிறுத்தி வைப்பதாக மேலாளர் சொன்ன ஏஜென்ட் எப்படியோ விழித்துக்கொண்டது. திரையில் ஒரு புகார் தானாகத் திறந்தது. யாரோ அனுப்பிய சுவர்க்கடிகாரம் தூள்தூளாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்கான பதில் கீழே விறுவிறுவென்று வந்து விழுந்தது. அவள் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

தொலைந்தோம் என்றே நினைத்தாள். நல்ல வேளையாக ஆய்வாளருக்குத் தும்மல் வந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்ட அந்த நொடியில் கைகளைத் தூக்கிக் கீபோர்டில் போட்டு, ஓடுகிற எழுத்துக்குத் தோதாகச் சும்மா தட்ட ஆரம்பித்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். திரையைப் பார்த்தார், அவள் விரல்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"நல்ல வேகம்மா உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

சாயங்காலம், எல்லாம் முறையாகவே இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அறிக்கையை அனுப்பிவிட்டார். மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு நாள் கூலியை அவள் கையில் கொடுத்து, மேலிடத்தில் பேசிவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை. இருந்தாலும் அவள் நம்பினாள். வேறு என்ன செய்வாள்?

லிஃப்டில் ஆய்வாளரும் ஏறினார். அவளுக்கு மறுபடியும் திக்கென்றது. அவரோ சிநேகமாகச் சிரித்தார்.

"ரொம்பக் குடைஞ்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ரெண்டு மாசம் முன்னாடி வேற ஒரு கம்பெனியில, அனுப்பிவிட்ட ஆளுங்க லாகின்லயே ஏஜென்ட்டை ஓட்டினாங்க. நான் கேட்டதும் ஒரு பொண்ணு தாங்க முடியாம உண்மையைச் சொல்லிடுச்சு."

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "அப்புறம் என்ன ஆச்சு சார்? கம்பெனியையே மூடிட்டாங்களா?"

"எதுக்கு மூடறாங்க? ஏஜென்ட்டுக்குத் தனி லைசென்ஸ் வாங்குங்கன்னு சொன்னோம். விலையைக் கேட்டா, ஆளுங்க சம்பளத்தைவிட ஜாஸ்தி. மறுநாளே ஏஜென்ட்டை நிறுத்திட்டு, அனுப்பின அத்தனை பேரையும் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க."