சாவி மேல் சத்தியம்

“மழை பேஞ்சா எர்ணாவூர் வூட்ல தண்ணி பூந்துரும். அத்த மறைச்சிதான் இந்தாளு என் தலையில கட்டிட்டாரு,” என்றாள் ரெஜினா.

திருவொற்றியூர் புரோக்கர் சங்கத்தில் விசாரணை. வீட்டை விற்றுக்கொடுத்த புரோக்கர் பெனிட்டோ பொய் சொன்னது தெரிந்தால், அவன் சங்க அட்டையைக் கிழித்துவிடுவார்கள். அப்புறம் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எவனும் அவனோடு தொழில் செய்யமாட்டான்.

சங்க வழக்கப்படி, தலைவர் ஷாகுல் பாய் அந்த வீட்டுச் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தார். “சத்தியம் பண்ணு நைனா.”

போன மழையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற கூடம் பெனிட்டோவின் கண்ணில் வந்துபோனது.

“ஒரு சொட்டுத் தண்ணிகூட உள்ள வராது. சத்தியம்!”

ரெஜினா சிரித்தாள். “போதும் பாய், புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன். வூட்டை ஒரு அம்மாவுக்கு விக்க வெல பேசிட்டேன். இவரு சங்கத்துல சத்தியம் பண்ணாத்தான் வாங்குவேன்னு அந்தம்மா நின்னுகினு இருந்தாங்க.”

வெளியே காத்திருந்த அந்தம்மா உள்ளே வந்தாள். பெனிட்டோவின் மாமியார் தேவகிருபை.

“சாவி உங்க கையிலயே இருக்கட்டும் மாப்ளே. உங்களுக்கும் என் பொண்ணுக்கும்தான் வாங்குறேன். ஐப்பசிக்கு முன்னாடி குடி வந்துருங்க.”

பெனிட்டோ வாயைத் திறந்தான். ஷாகுல் பாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூடிக்கொண்டான்.