இடது ஓரத்து நசுங்கல்

"இதுல ஒரு நசுங்கல் வேணும் மாஸ்டர்," என்றாள் அவள், பளபளவென்று மின்னிய முன் பம்பரைக் காட்டி.

மாஸ்டர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பட்டறையில் அவருக்கு இன்னொரு பெயர் உண்டு: குக்கர். இரண்டு விசில் வரை பக்கத்தில் நிற்கலாம். மூன்றாவது வந்தால் ஓடிவிட வேண்டும்.

"என்ன வேணும்?"

"நசுங்கல். இடது ஓரத்துல, உள்ளங்கை அகலத்துக்கு."

முதல் விசில் வந்துவிட்டது. வராமல் என்ன செய்யும்? கோழி அடைக்கக்கூட லாயக்கில்லாமல் துருப்பிடித்து வந்த பழைய கார் அது. தகட்டை வெட்டி ஒட்டி, பெயிண்ட் அடித்து, பம்பருக்குக் குரோம் முலாம் ஏற்றி, அன்று காலையில்தான் மாட்டி முடித்திருந்தார். அந்த மாடல் பம்பர் விவகாரம் பிடித்தது. மேலும் கீழும் ஒரே வளைவு என்பதால், தலைகீழாக வைத்தாலும் போல்ட் பேசாமல் ஏறிவிடும். மழைத்தண்ணீர் வடிய அடிவிளிம்பில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். அதைத் தடவிப் பார்த்துத்தான் எது கீழ்ப்பக்கம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்படிப் பார்க்காமல் மாட்டிய ஒரு வேலையாளை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

"ஏம்மா, நசுங்கலை எடுக்கச் சொல்லித்தான் எங்கிட்ட வருவாங்க. வைக்கச் சொல்லி யாரும் வந்ததில்ல. எதுக்குன்னாவது சொல்லுங்க."

"காரணம் கேட்காதீங்க. நாலு மணிக்கு எங்கப்பா வர்றார். அவர் வரும்போது அது அங்க இருக்கணும். இல்லேன்னா எங்க குடும்பமே ரெண்டாயிடும்."

நசுங்கல் இல்லாததால் உடைகிற குடும்பத்தை மாஸ்டர் இதுவரை கேள்விப்பட்டதில்லை. பணக்காரக் கிறுக்கு என்று முடிவு கட்டி, வேறு பட்டறையைப் பார்க்கச் சொன்னார். அவளும் சளைத்தவள் இல்லை. அவர் இன்று நாளை என்று இழுத்தடித்ததையும், போனை எடுக்காமல் இருந்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லிக் காட்டினாள். பேச்சு முற்றிப்போய், கடைசியில் இரும்புச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அவளே பம்பரை நோக்கி நடந்தாள்.

"அதைக் கீழ வைங்க," என்றார் மாஸ்டர் பல்லைக் கடித்தபடி. "இரும்பால அடிச்சா குரோம் உரிஞ்சுடும். நானே செஞ்சு தொலைக்கிறேன்."

"இடது ஓரம். மறந்துடாதீங்க," என்று வண்டிக்கு எதிரே நின்றபடி சொல்லிவிட்டு, அப்பாவை அழைத்துவர விருட்டென்று போனாள்.

மாஸ்டர் பம்பரைக் கழற்றி, மணல் மூட்டை மேல் கிடத்தி, மரச்சுத்தியலால் அடித்தார். பெற்ற பிள்ளையை அடிப்பதுபோல் வலித்தது. ஒவ்வொரு அடிக்கும் அவளை, அவள் அப்பனை, அந்த அப்பனைப் பெற்றவரை என்று வரிசையாகத் திட்டினார். பிறகு துளைகள் இருக்கும் விளிம்பைப் பழக்கத்தில் தடவிப் பார்த்து, கீழ்ப்பக்கமாக வைத்து மாட்டினார்.

நாலு மணிக்கு டாக்ஸி வந்தது. வருகிறவரை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மாஸ்டர் வாசலுக்கே போனார். இறங்கியவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, காலால் தரையைத் துழாவித் துழாவி வந்தார். மாஸ்டர் நாலு வார்த்தையையும் மறந்து, வழிவிட்டு ஒதுங்கினார்.

பெரியவர் கதவைத் தடவ ஆரம்பித்தார். அவள் மாஸ்டர் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"இது அவர் வண்டியே இல்ல மாஸ்டர். பார்வை போய் அவர் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ எங்கண்ணன் அதை வித்துட்டான். பட்டறையில இருக்குன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு, நான் இதைத் தேடிப் பிடிச்சேன். வண்டியைத் துடைக்கக்கூட வேற ஆளை விடமாட்டார். விஷயம் தெரிஞ்சா சாகுற வரைக்கும் அண்ணன் மூஞ்சியில முழிக்க மாட்டார்."

சொல்லிக்கொண்டே பம்பரைப் பார்த்தவளின் முகம் வெளுத்தது. அவள் சொன்னது எதிரே நின்று பார்க்கிற இடது. பட்டறைக்காரர்களுக்கோ சீட்டில் உட்கார்ந்து பார்க்கிற இடதுதான் இடது.

பெரியவரின் கை நேராகத் தனக்குத் தெரிந்த ஓரத்துக்குப் போனது. அங்கே வழவழவென்று இருந்தது. கை மெல்ல ஊர்ந்து, மறு ஓரத்து நசுங்கலில் போய் நின்றது.

"என் வண்டியில இது அந்தப் பக்கம்ல இருக்கும்?" அவர் குரல் ஏறியது. "யார் வண்டி இது? உண்மையைச் சொல்லு. உங்கண்ணன் எங்க?"

மகள் மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் முன்னால் வந்தார்.

"தப்பு என்மேலதாங்க ஐயா. பம்பரைத் தலைகீழா மாட்டிட்டேன். அதான் பக்கம் மாறிடுச்சு."

இத்தனை வருஷத் தொழிலில் தன்னைப் பற்றி அவர் சொன்ன மிகக் கேவலமான பொய் அது.

"தலைகீழாவா? நீயெல்லாம் மாஸ்டரா?"

பெரியவர் பிடித்துக்கொண்டார். கத்துக்குட்டி, தகர டப்பா ஒட்டத்தான் லாயக்கு, சுத்தியல் பிடித்த கையை வெட்ட வேண்டும் என்று பட்டறையே அதிரக் கத்தினார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" போட்டார். ஒரு விசில்கூட வரவில்லை.

திட்டிக்கொண்டே பெரியவரின் விரல்கள் பம்பரின் அடிவிளிம்புக்கு இறங்கின. இரண்டு துளைகளும் இருக்க வேண்டிய இடத்தில், கீழ்ப்பக்கமாகவே, சரியாக இருந்தன. விரல்கள் இரண்டையும் தொட்டு, அங்கேயே அசையாமல் நின்றன. திட்டும் நின்றது.

மகள் சத்தம் வராமல் அழ முயன்றுகொண்டிருந்தாள். அது பெரியவருக்குக் கேட்டது.

"ஆமா," என்றார் அவர், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபடி. "தலைகீழாத்தான் மாட்டியிருக்கே. இது என் வண்டிதான்."