குகதாசனின் காஸா பயணம்

காஸாவுக்கு நிவாரணப் படகில் போகப் புறப்பட்ட நவரத்தினத்தைச் சிட்னி விமான நிலையத்திலேயே அதிகாரிகள் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளே சிட்னியின் டூங்கபிப் பகுதித் தமிழர் மண்டபத்தில் அவருக்கு மாலை, பொன்னாடை, வானொலிப் பேட்டி.

குகதாசனுக்கு வயிறு எரிந்தது.

"படகைக் கண்ணாலயும் காணாத ஆளுக்குப் பொன்னாடையோ?"

"அப்ப நீங்களும் போங்கோவன்," என்றாள் மனைவி வதனி.

"ஓம், போறன்!"

'முடிந்தால் என்னைத் தடுத்துப் பார்' என்று முகநூலில் அரசாங்கத்துக்குச் சவால் விட்டார். பலஸ்தீனச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு விமான நிலையம் போனார். வரிசையில் நின்றார்.

"எங்கே பயணம்?" என்று கேட்டார் அதிகாரி.

"காஸாவுக்கு!" வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

அதிகாரி கணினியைப் பார்த்தார். புன்னகையோடு கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"கவனமாகப் போய்வாருங்கள்."

"நன்றாகப் பார்த்தீர்களா? காஸாவுக்கு!"

"அடுத்தவர் வரலாம்."

குகதாசன் வீட்டுக்குப் போன் எடுத்தார்.

"என்னப்பா, மறிச்சுப் போட்டாங்களோ?" வதனியின் குரலில் உற்சாகம்.

"இல்லை வதனி... விட்டுட்டாங்கள்."

"ஐயோ! நாளைக்கு உங்கட பாராட்டு விழாவுக்கு மண்டபமும் எடுத்து, நவரத்தினம் அண்ணைக்குப் போட்டதைவிடப் பெரிய பொன்னாடையும் வாங்கிப்போட்டனே!"