பக்கத்து சீட்

"இன்னைக்கும் அந்தத் தூங்குமூஞ்சியைப் பார்த்தேன்" என்றார் லாரி டிரைவர், போனில்.

"யாரைச் சொல்றீங்க?" என்றாள் வீட்டிலிருந்து அவர் மனைவி.

"நேத்து சொன்னேனே, நீலக் கார். பொண்டாட்டி ஓட்டுறா. புருஷன் பக்கத்து சீட்டைச் சாய்ச்சுப் போட்டு, போர்வையைப் போர்த்திக்கிட்டுத் தூங்குறான். இன்னைக்கும் அதே கோலம்."

"உடம்பு சரியில்லையோ என்னவோ."

"கல்லு மாதிரி இருக்கான். கடையில இறங்கி நாலு ரொட்டி தின்னான். கார் கிளம்பினதும் கண்ணு சொருகிடுது."

"அடுத்தவங்க தூக்கத்துல உங்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை?"

அக்கறை இல்லாமல் இருக்குமா? லாரி நிறைய ஜன்னல் கண்ணாடி. மலை மேலிருக்கும் ஊருக்கு மூன்று நாள் பயணம். மெதுவாகத்தான் போக வேண்டும். சாலையில் எல்லோரும் அவரை முந்திக்கொண்டு மறைந்துபோனார்கள். மறையாதது அந்த நீலக் கார் மட்டும்தான். ஏனென்றால் அந்த அம்மாள் கண்ணாடி லாரியைவிட மெதுவாக ஓட்டினாள்.

பெட்ரோல் போடும் இடத்தில் அவளே இறங்கினாள். டயரை அழுத்திப் பார்த்தாள். முன் கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே அந்த மனிதர் இமையைக்கூட அசைக்கவில்லை.

டிரைவர் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். "எவ்வளவு தூரம்மா?"

"மலைக்குண்ணா."

"சார் கொஞ்ச நேரம் மாத்தி ஓட்டலாமே?"

"அவருக்கு இடுப்பு வலி, ஓட்ட முடியாது" என்றாள். காரைத் திரும்பிப் பார்த்து, "பாவம், நல்லாத் தூங்குறார்" என்று சிரித்தாள்.

டிரைவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டார்.

"இடுப்பு வலியாம்! நான் இருபத்தஞ்சு வருஷமா இடுப்பு வலியோடதான் ஓட்டுறேன். பொண்டாட்டியை இப்படியா பாடாப் படுத்துவான் ஒருத்தன்?"

"நீங்க என்னை ஒரு தடவையாவது பக்கத்து சீட்ல உட்கார வச்சிருக்கீங்களா?"

"டவர் இல்லை" என்று போனை வைத்துவிட்டார். டவர் நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம், மலை அடிவாரத்துக் கடை. மூடுபனி இறங்கியிருந்தது. அந்த அம்மாள் காரை நிறுத்திவிட்டு முகம் கழுவப் போனாள். சாவியைக் கைப்பையில் போடும்போது அவள் விரல்கள் நடுங்கியதை டிரைவர் பார்த்துவிட்டார்.

அதற்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை. கார் ஜன்னலைத் தட்டினார்.

ஒரே தட்டுதான். சட்டென்று கண் திறந்தது.

"மன்னிச்சுக்கங்க சார், நான் சொல்லக்கூடாதுதான். மேல இருபத்தெட்டு கொண்டை ஊசி வளைவு. இதையாவது நீங்க ஓட்டக்கூடாதா? அந்தம்மாவுக்குக் கை நடுங்குது."

அந்த மனிதர், மனைவி போன பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவைத் திறந்து விறுவிறுவென்று இறங்கினார். அந்தக் குளிரிலும் அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"நேத்தைவிடக் குறைஞ்சிருக்கு" என்றார்.

"எது சார்?"

"நடுக்கம்." குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு வருஷத்துக்கு முந்தி, மழையில கார் வழுக்கி மரத்துல மோதிடுச்சு. அவதான் ஓட்டினா. நான் இதே பக்கத்து சீட்ல இருந்தேன். இடுப்பு உடைஞ்சு நாலு மாசம் படுக்கை. அன்னையிலிருந்து இந்தப் பயணம் வரைக்கும் அவ ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. சாவியைப் பார்த்தாலே முகம் வெளுத்துடும். எங்க ரெண்டு பேர்ல நல்லா ஓட்டுறவ அவதாங்க."

"உங்க இடுப்பு இன்னும்..."

"போன வருஷமே சரியாயிடுச்சு. அவகிட்ட சொல்லலை. சொன்னா சாவியை என்கிட்ட கொடுத்துடுவா."

டிரைவர் விடவில்லை. "அப்படின்னாலும் சார், முழிச்சு உட்கார்ந்து நாலு வார்த்தை தைரியம் சொல்லலாமே. இப்படி அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினா?"

அந்த மனிதர் கூச்சத்தோடு தலையைத் தடவிக்கொண்டார்.

"முதல் நாள் முழிச்சுத்தான் உட்கார்ந்தேன். எதிர்ல வண்டி வரும்போதெல்லாம் என் கால் தானாப் போய் இல்லாத பிரேக்கை அமுக்குது. பத்தே நிமிஷத்துல அவ பார்த்துட்டா. ஓரமா நிறுத்திட்டு ஒரே அழுகை. எனக்கே பயம்னா அவ எப்படி ஓட்டுவா? அதான் சீட்டைச் சாய்ச்சுக் கண்ணை மூடிட்டேன். காலைப் போர்வைக்குள்ள ஒளிச்சு வச்சுக்கறேன். நான் தூங்குறேன்னு நினைச்சாத்தான் அவளுக்குத் தெம்பு."

"அப்ப மூணு நாளா..."

"கார்ல ஒரு நிமிஷம்கூடத் தூங்கலைங்க. உஷ், வர்றா."

அந்த அம்மாள் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். "என்னங்க, முழிச்சுட்டீங்களா? இனிமே எல்லாம் வளைவுதானாம். பனி வேற. நான் ஓட்டிடுவேனா?"

"அதை ஏன் என்னைக் கேக்கறே? எனக்குத் தூக்கம் கண்ணைச் சுத்துது" என்று ஒரு பெரிய கொட்டாவி விட்டார் அவர். "மேல போனதும் எழுப்பு."

அவள் சிரித்துவிட்டாள். சாவியைத் திருகினாள்.

கார் ஊர்ந்து முதல் வளைவில் திரும்பியது. பனிக்குள் அது மறைவதற்குள், திறந்திருந்த ஜன்னல் வழியாக டிரைவர் காதில் தெளிவாக விழுந்தது. அந்த மனிதர், மூன்று நாளில் முதல்முறையாக, குறட்டையும் விட ஆரம்பித்திருந்தார்.