ஆறு மணிக்கு ஒரே ஃபைல்

அலுவலக வேலைக்கென்று நன்மாறனின் தலைக்குள் ஒரு தனி நினைவுப் பெட்டி ஓடியது. மாலை ஆறு மணிக்கு அது அழிந்துவிடும்; அங்கே நடந்தது எதுவும் வீடு திரும்பும் நன்மாறனுக்கு நினைவிருக்காது. அதற்குமுன் உள்ளே வேலை பார்க்கும் நன்மாறன் ஒரே ஒரு நினைவை மட்டும் ஃபைலாக வெளியே இருப்பவனுக்கு அனுப்பலாம்.

"எங்கண்ணன் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு லீவு கிடைச்சுதா?" என்று வாசலிலேயே மடக்கினாள் மனைவி தேன்மொழி.

நன்மாறன் ஃபைலைத் திறந்தான். உள்ளே கேன்டீன் போண்டாவின் ருசி இருந்தது.

"தெரியலையேம்மா. போண்டாதான் வந்திருக்கு."

"கிடைச்சிருந்தா அதையில்ல அனுப்பியிருப்பான்? கிடைக்கல. நான் திட்டுவேன்னு பயந்து உள்ள இருக்கிறவன் போண்டாவைக் குடுத்து விட்டிருக்கான்."

கோபத்தோடு ஃபைலைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டவள், கண்ணை மூடினாள். போண்டாவிலிருந்த தேங்காய் பல்லு பல்லாகக் கடிபட்டது.

"பொல்லாத ஆளுங்க அவன். சமாதானம் பண்ணத் தெரிஞ்சு வச்சிருக்கான்" என்றாள், சிரிப்பை அடக்கியபடி. "நீங்களும் இருக்கீங்களே, பத்து வருஷமா!"