சிங்கத்தின் பல்

என் கணவர் செடிக்கடைக்குள் நுழைந்தபோது நான் தொட்டிகளில் பெயர்ச்சீட்டு செருகிக்கொண்டிருந்தேன். கூடவே என் அண்ணன்.

இன்றைக்கே என்னைக் கையோடு கூட்டிப்போவது என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்களாம். என்னைக் கேட்கத்தான் நேரமில்லை.

இந்தக் கடையில் சேர்ந்து ஏழு மாதம். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. நான் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. வாய்க்குள்ளேயே முனகுகிறேன் என்று வாடிக்கையாளர்களும் குறைபட்டிருக்கிறார்கள்.

அதனால்தானோ என்னவோ, சொல்ல நினைப்பதை எல்லாம் சீட்டில் எழுதிவிடுவேன். பெயரும் தண்ணீர் அளவும் போதும் என்பார் முதலாளியம்மா. நான் பெயருக்கு அர்த்தமும் ஒரு வரி சேர்ப்பேன். திட்டித் திட்டி அவருக்கே அலுத்துவிட்டது.

அண்ணன் என் தோளைத் தொட்டான்.

“அடிக்கிற கைதாம்மா அணைக்கும். கோபத்துல ஒரு அறை விட்டாராம். அதுக்குப் போய் வீட்டை விட்டு வர்றதா?”

அவன் நல்லவன். யார் எதைச் சொன்னாலும் நம்புவான்.

என் கணவர் அதற்குள் ஒரு தொட்டியைக் காட்டிச் சிரித்தார். மஞ்சள் பூ ஒன்று பூத்திருந்தது. களையைக்கூடத் தொட்டியில் வைத்து விற்கிற கடையில்தான் நான் குப்பை கொட்டுகிறேனா என்று கேட்டார்.

களைதான். முதலாளியம்மா பிடுங்கச் சொன்னதும் நான் பிடுங்கியதும் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் வேர் பாதியில் முறிந்தது. மண்ணுக்குள் மிஞ்சிய துண்டு மறுபடி முளைத்தது. நாலாவது முறை எனக்கு மனம் வரவில்லை, தொட்டி கொடுத்துவிட்டேன்.

சீட்டை என் கணவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

‘டேண்டிலையன். வெட்டு வெட்டாக இருக்கும் இலையைப் பார்த்து பிரெஞ்சுக்காரர்கள் ‘தாந் த லியோன்’, அதாவது சிங்கத்தின் பல் என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் புரண்டு புரண்டு அது இப்படி ஆகிவிட்டது.’

அவர் படித்தார். சிரிப்பு நின்றுவிட்டது. வண்டி வெளியே நிற்கிறது, கிளம்பு என்றார்.

“வரல.”

முனகவில்லை. கடை முழுக்கக் கேட்டது. முதலாளியம்மாகூடத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவனைப் பார்த்து, ஏழு மாதத்தில் முதல்முறையாக, வாய் நிறையச் சிரித்தேன்.

மேல் வரிசையில் நடுவே இரண்டு பல் இருக்க வேண்டிய இடத்தை அவன் பார்த்தான்.

அப்புறம் என் கணவருடைய கையைப் பார்த்தான்.