மாடி அக்காவின் நிபந்தனை

"எந்த ஸ்கூல்னு மட்டும் கேக்காதீங்க. கெமிஸ்ட்ரியும் கணக்கும் சொல்லிக்கொடுத்தா போதும்," என்றாள் அம்மா, உட்காருவதற்கு முன்பே.

சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. நீளமான மேஜை, சுவரில் கரும்பலகை, கீழேயிருந்து ஏறிவரும் கிரீஸ் வாசனை. இங்கே டியூஷன் எடுக்கும் இளம்பெண்ணை அந்தப் பகுதிப் பிள்ளைகள் மாடி அக்கா என்றுதான் சொல்வார்கள். அம்மாவின் வீட்டுப் பக்கம் மட்டும் டியூஷனுக்குப் பஞ்சமா என்ன? தெருவுக்கு ஒரு போர்டு தொங்குகிறது. ஆனால் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டால் மானம் கப்பலேறிவிடும் என்று, மகளை இழுத்துக்கொண்டு பஸ் மாறி இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

மாடி அக்கா எதுவும் கேட்கவில்லை. அம்மாவின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு நாற்காலியைக் காட்டினாள்.

அம்மா மளமளவென்று நிலைமையைச் சொன்னாள். அடுத்த மாதம் பொதுத்தேர்வு. மாதிரித் தேர்வில் இரண்டு பாடத்திலும் மகள் ஃபெயில். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பரீட்சை எழுதவே போகமாட்டேன் என்று நேற்று ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அதிலிருந்து சரியாகச் சாப்பாடும் இல்லை, பேச்சும் இல்லை.

"போன வருஷம் வரைக்கும் இவதான் கிளாஸ்ல முதல் மார்க். இந்த வருஷம் என்ன ஆச்சுன்னே தெரியல." அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

மகளோ யாருக்கோ வந்த விருந்து போல மேஜையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அமிலத்தில் துத்தநாகத்தைப் போட்டால் என்ன வாயு வரும் என்று மாடி அக்கா சும்மா கேட்டுப் பார்த்தாள். சின்ன வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். மகளின் வாய்க்குப் பூட்டுப் போட்டதுபோல் இருந்தது. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. விரல் முட்டியால் மேஜையை டொக் டொக் என்று தட்டினாள்.

மகளின் தோள்கள் சுருங்கின. அதைவிட வேடிக்கை, மாடி அக்காவே சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள். பிறகு அசடு வழியச் சிரித்து, "பழக்கதோஷம்," என்று சொல்லி உட்கார்ந்தாள். இந்தப் பயந்தாங்கொள்ளியிடமா பிள்ளையை ஒப்படைப்பது என்று அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது.

"எனக்கு ஒரே ஒரு நிபந்தனை மேடம். நான் டெஸ்ட் வைக்கும்போது பெத்தவங்க உள்ள இருக்கக்கூடாது."

அம்மா வெளியே வந்து மாடிப்படியில் நின்றாள். கதவில் காதை வைக்காத குறைதான். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கீழே கடைக்காரர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது கோணுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேயும் முடியாது என்று சொல்லிவிட்டால் வேறு யாரிடம் போய் நிற்பது? ஒரு வருடம் வீணாய்ப் போகும். போகட்டும். பிள்ளை மனம் வெறுத்து ஏதாவது செய்துகொண்டால்? அதற்குமேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

அப்போது கரும்பலகையில் சாக்பீஸ் கீறும் சத்தம் கேட்டது. பிறகு மகளின் குரல். முதலில் தயங்கித் தயங்கி வந்தது, போகப் போகத் தெளிந்தது, அப்புறம் நிற்கவே இல்லை. நடுவில் ஒரு சிரிப்புகூட. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது என்று அம்மாவுக்குக் கண் கலங்கியது.

மாடி அக்கா வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"உங்க பொண்ணுக்கு டியூஷனே தேவையில்ல மேடம். போர்டு நிறைய எழுதியிருக்கா. ஒரு தப்பு இல்ல."

"அப்புறம் எப்படி ஃபெயில் ஆகுறா?"

"பயம். அவ கெமிஸ்ட்ரி டீச்சர் கேள்வி கேட்டாலே படிச்சதெல்லாம் மறந்து போகுதாம். அந்தப் பயம் கணக்குக்கும் ஒட்டிக்கிச்சு. பரீட்சைப் பேப்பரைப் பாத்தாலும் அவங்க முகம்தான் தெரியுதாம்."

அம்மா கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். "இதை ஏன் அவ யார்கிட்டயும் சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா அவங்க மனசு நோகுமாம்."

அந்த டீச்சரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னாள் அம்மா. மாடி அக்கா மகளை அழைத்துவந்து அம்மாவின் கையில் பிடித்துக் கொடுத்தாள். இருவரும் படியிறங்கும்போது தணிந்த குரலில் கூப்பிட்டாள்.

"மேஜையைத் தட்டுறதை மட்டும் விட்டுடுங்க மிஸ். உங்க கெமிஸ்ட்ரி கிளாஸை விட்டு வந்து எத்தனை வருஷம் ஆச்சு, இன்னைக்கும் நான் எழுந்து நின்னுட்டேன் பாத்தீங்கல்ல?"